மூடுபனி மாதாவை நான் விட்டுக்கொடுத்த விதம்

வில்லாசேரா,
நவம்பர் மாதத்து ஞாயிறு, காலை.

பெராலிடா ஊரின் மாண்புமிகு மேயரும், என் அக்கா ஒப்துலியாவின் மூத்த மகனுமான ஃபெர்மினுக்கு, அதே ஊரின் சரித்திரக்காரனும் உன் தாய்மாமனுமான எவேலியோ மரியாதையோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான உரிமையோடும் எழுதிக்கொள்வது:

நான் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நகரசபை உறுப்பினர்களும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் நேற்று சாயங்காலம் தொலைபேசியில் நீ போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு, உன் தொண்டையாவது சௌக்கியமாக இல்லை என்று தெரிகிறது. வெந்நீரில் தேன் விட்டுக் குடி. தொலைபேசியில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ மூன்று வாக்கியம் குறுக்கே போடுகிறாய். கடிதத்தில் அது முடியாது என்பதால்தான், தங்கும் விடுதியின் சாப்பாட்டு அறையில் காபி ஆறிப்போவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆற்றிலிருந்து எழுந்த பனி மூன்று நாளாக இந்த ஊரை விடவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது என்று விடுதிக்காரி சத்தியம் செய்கிறாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் ரொட்டிக்காரர் பௌதில்லோ. என்னை வெற்றி வீரனாக ஊருக்கு அழைத்துவர நீ அனுப்பிய அதே பௌதில்லோதான். வண்டியின் இரண்டு பக்கமும் ஊர்க்கொடி கட்டி, பின்னால் ரொட்டிக்கூடைகளுக்கு நடுவே எனக்காக ஒரு நல்ல நாற்காலியும் போட்டுக் கொண்டுவந்தார். பாவம், கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார், வெளியே ஓடினார், உனக்குப் போன் செய்தார். பிறகு என்னிடம் வந்து, கொடிகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "டாக்டரய்யா, நீங்க என் கழுதைக்கு வைத்தியம் பாத்தவரு, அத நான் மறக்கல. ஆனா உங்கள வண்டில ஏத்திட்டுப் போனா நாளைக்கு என் ரொட்டிய ஊர்ல நாய்கூட மோந்து பாக்காது." கடிதத்தை ஏற்றுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "காகிதம்னா பரவால்ல. அது திரும்பி நின்னு பேசாது" என்றார்.

நீ இதை நகரசபையில் உரக்கப் படிக்கப்போகிறாய் என்று தெரியும். அதனால் புதிதாக வந்திருக்கும் செயலாளர் அம்மாளுக்கும் விளங்கும்படி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், நீ கொட்டாவி விடாதே. நம் மலையில் எல்லை என்பது வேலியுமல்ல, கல்லுமல்ல. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, நிலம் அந்தப் பக்கத்து ஊருக்குச் சொந்தம். முப்பாட்டன் காலத்துச் சட்டம். இந்தச் சட்டத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த மகானுபாவர் யாரோ, மூடுபனி மாதா கோயிலைச் சரியாக மலை முகட்டின் மேல் கொண்டுபோய்க் கட்டிவிட்டுப் போய்ச்சேர்ந்தார். கூரைத் தண்ணீரில் பாதி நம் பெராலிடாவுக்கு ஓடும், பாதி மொந்தால்பாவுக்கு ஓடும். அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டு ஊரும் இரண்டு பக்கத்திலிருந்து மலையேறி, மாதா சுரூபத்தை யார் தோளில் தூக்குவது என்று வாசலில் மல்லுக்கு நிற்கிறோம். உன் முன்பல் போனதும் அங்கேதான். இந்த வருஷம் மாகாண நிர்வாகம் சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதியது: சாலை பிரியும் இடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை வைப்பார்களாம், அதில் கோயில் பெயருக்குக் கீழே ஒரே ஒரு ஊரின் பெயர்தான் எழுத இடமிருக்கிறதாம். எந்த ஊர் என்பதை ஊர்ச் சரித்திரக்காரர்களின் ஆண்டுக் கூட்டமே சொல்லட்டும் என்று தள்ளிவிட்டார்கள். நீ என்னை உன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "மாமா, பலகையோட வா. இல்லாட்டி வராத" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியாது, நீ வந்ததில்லை. சம்பளம் இல்லாத, சாகிறவரைக்கும் நீடிக்கிற பதவியில் இருக்கும் மனிதர்கள் வருஷத்தில் ஒருநாள் கழுத்தில் அவரவர் ஊர்ப் பதக்கத்தை மாட்டிக்கொண்டு கூடினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வீட்டில் மனைவி மக்கள் கேட்க மறுத்த விஷயங்களையெல்லாம் (எனக்கு மறுக்கவும் வீட்டில் ஆளில்லை) இங்கே ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுவோம். தோன் அபுந்தியோ என்று ஒருவர், தம் ஊர்ப் பாலத்தைப் பற்றி வருஷாவருஷம் படிக்கிறார். இன்னும் முதல் வளைவைத் தாண்டவில்லை. தலைவர் தோன் லிசார்தோவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. யாராவது நேரத்துக்கு மேல் பேசினால் அடிப்பதற்காக மடியில் ஒரு மாட்டுமணி வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கிவிடுவார், குறட்டைக்குத் தக்கபடி மணி ஆடும். யாருடைய நேரம் முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த உலகத்தில் இதைவிடப் பிடித்த இடம் கிடையாது, ஃபெர்மின். செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆனவர்களைப் பற்றி, "அவன் கொஞ்சம் முன்கோபி", "அவளுக்கு மாமியாரோடு ஒத்துப்போகாது" என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல் பேசிக்கொண்டிருப்போம். அரைத் தூக்கத்தில் கேட்டால் அவர்களும் அறைக்குள் வந்து பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

இனி மொந்தால்பாவின் சரித்திரக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பெயர் தோன்யா கசில்தா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து பல வருஷமாயிற்று. கோயில் பெராலிடாவுடையது என்று நான் படிப்பேன். நான் உட்காருவதற்குள் அவர் எழுந்து, மொந்தால்பாவுடையது என்று என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் இருவர் சண்டையைப் பார்க்கவே சிலர் தூங்காமல் விழித்திருப்பார்கள். இதை ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

நேற்று காலையில் தொடங்கியது சனி. முதலில் குழுப் புகைப்படம். பனியில் எங்கள் யாருடைய முகமும் விழவில்லை, பதக்கங்கள் மட்டும் வரிசையாக அந்தரத்தில் மின்னின என்று புகைப்படக்காரர் பிறகு காட்டினார். அடுத்து, இந்த ஊர்ச் சரித்திரக்காரர் எங்களைப் பழைய கோட்டைச் சுவரைப் பார்க்க அழைத்துப்போனார். "இதோ உங்கள் எதிரில் இருப்பதுதான்" என்றார். எங்கள் எதிரில் ஒன்றுமில்லை. எல்லோரும் ஆகா என்றோம். சுவரைத் தடவிப் பார்க்க ஆளுக்கு ஒரு திசையில் போனவர்கள் திரும்பி வரவில்லை. நான் ஒரு சந்துக்குள் போனேன், அது இன்னொரு சந்தாயிற்று, அப்புறம் காலுக்குக் கீழே கல் பாவிய தரை மட்டும்தான் உலகம் என்றாகிவிட்டது. தூரத்தில் தோன் அபுந்தியோ யாரிடமோ பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அப்போது மிக அருகில் ஒரு குடை கல்லில் தட்டும் சத்தம்.

"யாரது?" என்றது ஒரு குரல்.

"பெராலிடா" என்றேன்.

"அடக் கடவுளே. எதிரி நாடு." தோன்யா கசில்தா சிரித்தார். சிரிப்பு மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. "அப்படியே நில்லுங்க தோன் எவேலியோ, முன்னால படி இருக்கு. நான் இப்பத்தான் விழுந்து எழுந்தேன்."

"எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன்" என்றேன், என்றவன் அந்தப் படியிலேயே தடுக்கி அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குடையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தபடி, குருடர்கள்போல நடந்தோம். எங்கே போகிறோம் என்று இருவருமே கேட்கவில்லை. மணிக்கூண்டு எங்கேயோ அடித்தது, அது மேலேயிருந்து வந்ததா கீழேயிருந்து வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எனக்குப் பசிக்கவுமில்லை, குளிரவுமில்லை. பனி இப்படியே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "கோயில் உங்களுக்கே கெடச்சிடுச்சுன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?"

"கொண்டாடுவோம். மேளம் ஏற்பாடு பண்ணியாச்சு."

"சரி, மேளம் அடிச்சு முடிச்சாச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன, பலகை."

"பலகையும் நட்டாச்சு. அடுத்த வருஷம் இங்க வந்து எதப் பத்திப் படிப்பீங்க?"

நான் யோசித்தேன். "நம்ம பக்கத்து ஆடுகளுக்கு வர்ற குளம்பு நோய் பத்தி ஒண்ணு எழுதலாம்னு..."

"அதக் கேக்க நான் வரமாட்டேன்."

"ஏன்?"

"எங்க ஊர்ல ஆடே கிடையாது" என்றார். அதற்குள் சாப்பாட்டு மண்டபத்தின் வாசல் வந்துவிட்டது, வெளிச்சம் வந்துவிட்டது, நானும் குடையை விட்டுவிட்டேன்.

மதியம் கொண்டைக்கடலையும் பன்றித் தொடையும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு, அதற்குப் பிறகு வாட்டிய ஆட்டுக்குட்டி, அதற்குப் பிறகு பாதாம் பணியாரம். சிவப்பு ஒயினை இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் ஜாடியில் வைக்கிறார்கள், தண்ணீரை வைப்பதேயில்லை. அந்த வயிற்றோடு எங்களைக் கணப்பு எரியும் அறையில் மெத்தை நாற்காலிகளில் உட்காரவைத்து, மாதா கோயில் விவகாரத்தை எடுத்தார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து மேசைகளின் காலடியில் படுத்துக்கொண்டது. தலைவர் மணியை ஒருமுறை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார், இரண்டாம்முறை மணி தானாக அடித்தது. பாதிப்பேர் தூங்கிப்போய்விட்டார்கள். நானும் கண்ணை மூடியிருந்தேன். கண்ணுக்குள் குடையின் ஒரு முனை தெரிந்தது. மடியில் பெராலிடாவின் உரிமையை நிரூபிக்கும் என் கட்டுரை இருந்தது, இதுவரை எழுதியதிலேயே தடிமனானது.

இந்த வருஷம் தோன்யா கசில்தா முதலில் பேச வேண்டும் என்று முறை. எழுந்தார். கையில் காகிதம் இல்லை. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "என் ஊர்க்காரங்க என்னத் திட்டப்போறாங்க, திட்டட்டும். கூரைத் தண்ணிய வெச்சு நாம இத்தன காலம் சண்ட போட்டோம். கூரைல பறவதான் உக்காரும், மனுசன் மிதிக்கறது வாசப்படிய. இந்த வசந்தத்துல மழ பெஞ்சப்ப நான் கோயிலுக்குப் போயி, வாசல்லயே உக்காந்து பாத்தேன். ஒரு மழைக்கு நம்பல, அடுத்த மழைக்கும் போனேன், அதுக்கடுத்ததுக்கும் போனேன். வாசப்படில விழற தண்ணி மொத்தமும் பெராலிடா பக்கந்தான் ஓடுது. ஒரு சொட்டு எங்க பக்கம் வரல. கோயில் அவங்களோடது. நான் வருஷக்கணக்கா சொன்னது தப்பு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. பின் வரிசையில் பௌதில்லோ எழுந்து தொப்பியைச் சுழற்றினார். நான் செய்ய வேண்டியதெல்லாம் எழுந்து நின்று, "நன்றி" என்று ஒரு வார்த்தை சொல்லி உட்காருவது. எழுந்தேன். நின்றேன். ஃபெர்மின், அந்த இடத்தில் நான் பார்த்தது உனக்குத் தெரிய வேண்டும். அடுத்த நவம்பரைப் பார்த்தேன். இதே கணப்பு, இதே குழம்பு, தோன் அபுந்தியோவின் பாலம், மடியில் மணி. தோன்யா கசில்தா உட்காரும் நாற்காலியில் யாரோ மேலங்கியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். சண்டை தீர்ந்துவிட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்? நான் அவர் ஊருக்குப் போகலாமே என்று நீ கேட்பாய். பெராலிடாக்காரன் ஒருவன் காரணமில்லாமல் மொந்தால்பா தெருவில் நடந்தால், நாயிலிருந்து பங்குச்சாமியார்வரை வந்து என்ன விஷயம் என்று விசாரிப்பார்கள். வைத்தியம் பார்க்க வந்தேன் என்று சொல்லவும் வழியில்லை, அங்கே ஆடில்லை. எனக்கு இருந்த ஒரே காரணம் அந்தக் கோயில். அதை அவர் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "தோன்யா கசில்தா சொல்றது தப்பு" என்றேன். அறையில் சிலர் விழித்தார்கள், வழக்கமான வாக்கியம் என்று மறுபடி கண்ணை மூடப்போனார்கள். "கோயில் மொந்தால்பாவோடது" என்றேன். எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை, தலைக்குமேல் போன வெள்ளம். கையில் இருந்த கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே, அதில் எழுதியிருந்ததற்கு நேர் எதிராக வாசித்தேன். அந்த வாசற்படி முதலில் இருந்த படியே இல்லை என்றேன். எங்கள் ஊர்க்காரர்கள் கதவைப் பழுது பார்க்கிற சாக்கில் கல்லைப் பெயர்த்து, தண்ணீர் எங்கள் பக்கம் ஓடும்படி சாய்த்துப் போட்டுவிட்டார்கள் என்றேன். யார் போட்டது என்று முன் வரிசையில் ஒருவர் கேட்டார். சரித்திரக்காரனிடம் 'யார்' என்று கேட்டால் அவன் பெயர் சொல்லியாக வேண்டும். "கொத்தனார் குந்தெமாரோ" என்றேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஆடுகளுக்கு ஊசி போட்ட நாளிலிருந்து நேற்று மதியம்வரை நான் இட்டுக்கட்டி ஒரு சொல் எழுதியதில்லை.

ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டிருந்தால் நான் அங்கேயே பிடிபட்டிருப்பேன். கேட்கவில்லை. தோன் அபுந்தியோ துள்ளி எழுந்தார். "குந்தெமாரோவா! எம் பாலத்துக்கு மொத வளைவு கட்டுன ஆளாச்சே! நான் எத்தன வருஷமா அந்த மனுசனத் தேடிட்டிருக்கேன்!" என்று கண்ணீர் விட்டார். உடனே பக்கத்திலிருந்தவர், "கட்டினது உங்க ஊரா இருக்கலாம் ஓய், பொறந்தது எங்க ஊரு. எங்க பக்கத்துல அந்த மாதிரிப் பேரு நெறைய" என்றார். இன்னொருவர், குந்தெமாரோ கடைசிக் காலத்தில் தங்கள் ஊரில்தான் இருந்ததாகவும், ஆள் கொஞ்சம் குடிப்பார் என்றும் சொன்னார். பணியாரத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் அவருக்கு ஒரு மனைவியும், சொத்துத் தகராறும், சொந்தம் கொண்டாட மூன்று ஊர்களும் வந்துவிட்டன. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கணப்பு வெளிச்சத்தில், கையில் கரணையோடு, பின்வரிசையில் அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

சத்தத்தில் தலைவர் விழித்துக்கொண்டார். என்ன நடந்தது என்று சொன்னார்கள். மறுபடி சொல்லச் சொன்னார். "அதாவது, அந்த அம்மா கோயில் இவரோடதுங்கறாங்க, இவரு அந்த அம்மாவோடதுங்கறாரு?" என்றார். ஆமாம் என்றோம். "என் ஆயுசுல இப்படி ஒரு சண்ட பாத்ததில்ல" என்று மணியை அடித்துத் தீர்ப்புச் சொன்னார்: பலகை இப்போதைக்கு வேண்டாம். நாங்கள் இருவரும் சேர்ந்து, மழை பெய்யும்போதெல்லாம் கோயில் வாசலுக்குப் போய்த் தண்ணீர் ஓடும் பக்கத்தைப் பார்த்து, அடுத்த வருஷக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். மழை பெய்யும்போதெல்லாம்! ஃபெர்மின், நம் மலையில் எவ்வளவு மழை பெய்கிறது என்று நீ நினைத்துப் பார்த்திருக்கிறாயா? நான் நினைத்துப் பார்த்தேன். அந்த அறையில் எனக்கு இறக்கை முளைக்காததுதான் பாக்கி.

ஆனால் தோன்யா கசில்தா சந்தோஷப்படவில்லை. குடையை எடுத்துக்கொண்டார், என்னைப் பார்க்காமலேயே கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே வாசலுக்கு ஓடினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், குடை தட்டும் சத்தம்கூட இல்லை. அவர் ஊருக்குக் கோயிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

அதனால் உன் முன் நான் குற்றவாளியாக நிற்கிறேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று ஊரில் பேசுவது சரிதான். சொந்தச் செலவில் நம் ஊருக்குச் சூனியம் வைத்தவன் நான். உண்மைக்காகச் செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், எழுதி வந்த பிறகு அந்த வாக்கியத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஆகவே பெராலிடாவின் சரித்திரக்காரர் பதவியை இதன்மூலம் ராஜினாமா செய்கிறேன். பதக்கத்தைப் பௌதில்லோவிடம் கொடுத்தனுப்புகிறேன், ரொட்டி மாவு ஒட்டியிருந்தால் துடைத்துக்கொள். வாசற்படியைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. கோயில் மொந்தால்பாவுடையது, குந்தெமாரோதான் கல்லைச் சாய்த்தார், இதிலிருந்து நான் மாறப்போவதில்லை. மாறினால் மழைக்கு யாரும் மலையேற வேண்டியிருக்காது. ஊர் ஆத்திரம் அடங்குகிறவரை நான் இங்கேயே தங்குகிறேன்.

மூடுபனி மாதா, எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் சரி, உன்னையும் உன் மனைவியையும் பிள்ளைகளையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக. அடுத்த தேர்தலிலும் உனக்கே ஓட்டு விழட்டும், என் ஓட்டு எப்போதும்போல் உனக்குத்தான். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். பாதி கடிதத்தைப் படித்துக்காட்டு, எந்தப் பாதி என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
இதுநாள்வரை சரித்திரக்காரனாகவும் இனி வெறும் மாமாவாகவும் இருக்கும்
எவேலியோ

பின்குறிப்பு: பௌதில்லோ வண்டியைக் கிளப்பப் போனார், நிறுத்திவைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட மை காயவில்லை, கசில்தா குடையோடு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். "என்ன எழுதறீங்க?" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரித்திரக்காரர்கள் எதையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது வழக்கம் என்பதால் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வாத்தியாரம்மா இல்லையா, பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டுதான் படித்தாள். குந்தெமாரோவை எல்லா இடத்திலும் அடித்தாள். ஏன் கோபம் என்று விளங்கவில்லை என்று நான் எழுதிய இடத்தில், ஓரத்தில் 'மக்கு' என்று எழுதினாள். நீயே பார்க்கலாம், அழிக்கவில்லை.

பிறகு சொன்னாள்: "வருஷத்துல ஒரு நாளு. அதுலயும் பாதி நாள் தூங்கறவங்களுக்கு நடுவுல சண்ட. எனக்கு அலுத்துப்போச்சு எவேலியோ. இந்தக் கோயில ஒழிச்சுக் கட்டிட்டா, ஒரு காரணமும் இல்லாம, சும்மாவே எங்க வீட்டுக் கதவத் தட்டுவீங்களான்னு பாக்கணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் மூணு மழ நனைஞ்சேன். நீங்க என்னடான்னா கோயிலத் திருப்பி என் தலையிலயே கட்டிட்டீங்க."

நான் தட்டுகிறேன் என்று சொன்னேன். வேறு நிறையவும் சொன்னேன், அதெல்லாம் நகரசபையில் படிக்க வேண்டாம். பெராலிடாவில் என் வீடு பெரியது, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றும் சொன்னேன். "கோயில விட்டுக்குடுத்தாச்சு, வீட்டையும் விட்டுக்குடுக்கணுமா? என் வீட்டுல கணப்பு புகையாது, நீங்கதான் வரணும்" என்றாள். இந்த விஷயத்தில் அவள் ஒரு சொட்டுக்கூட நம் பக்கம் ஓடுவதாக இல்லை.

ஆகவே, ஃபெர்மின், மேலே எழுதியதில் ராஜினாமாவைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடு. வாசற்படி பற்றி அவள் சொன்னதுதான் உண்மை, நான் சொன்னது பச்சைப் பொய், தலைவருக்கும் இப்போதே எழுதிவிடுகிறேன். மேளத்தை அடிக்கச் சொல். பலகையில் பெரிய எழுத்தில் பெராலிடா என்றே போட்டுக்கொள். கோயிலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மாமாவை மொந்தால்பாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.